ஆழியாற்று மேகம்

பாலுசெட்டி சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது தூறல்தான். திருப்புட்குழிக்குள் நடந்து போய்ச் சேர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. 2021 நவம்பர் கடைசி வாரம். பாலாற்றில் பல வருடங்களாகப் பார்க்காத வெள்ளம் போய் ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. வழியெல்லாம் ஏரிகள் கலங்கல் வழிந்துகொண்டிருந்தன. நான் கிளம்பி வந்ததே அதற்காகத்தான். நனைந்த கோபுரத்தையும் நிறைந்த குளத்தையும் எடுக்க வேண்டும். ஆனால் பெய்த மழையில் கேமராவை வெளியே எடுக்கவே முடியவில்லை. துண்டில் சுற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு, கண்ணில் பட்ட முதல் திண்ணையில் ஏறி நின்றேன்.

"சாரல் அடிக்குது, உள்ள வாங்க சார்" என்றது ஒரு குரல்.

உள்ளே குழித்தறி. தறியில் பாதி நெய்த சேலை, மேலே பழைய வேட்டி போட்டு மூடியிருந்தது. தறிக்குழியில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். மழை அதிகமான வருடங்களில் கீழிருந்து ஊறிவிடுமாம். குழியில் கால் வைத்து மிதிக்க முடியாது, வேலை கிடையாது. பெரியவருக்கு அறுபத்தைந்து வயதிருக்கலாம். ஒரு டப்பாவால் தண்ணீரை மொண்டு ஊற்றி ஊற்றி அலுத்துப்போய், நான் போன நேரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். மருமகள் டீ கொண்டுவந்து கொடுத்தது. டம்ளரை வாங்கும்போதுதான் சுவரைப் பார்த்தேன். தறிக்கு மேலே, சாமி படங்களுக்குப் பக்கத்தில், ஒரு காலண்டர் அட்டை. தேதித்தாள் எல்லாம் கிழிந்து முடிந்து வெறும் அட்டை மட்டும் ஆணியில் தொங்கியது. 2018-ஆம் வருடத்தது. காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடை போட்டது. அதில் இருந்த படம் நான் எடுத்தது.

சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன். படமெடுப்பவனுக்கு அந்தச் சபலம் போகாது.

பெரியவர் எழுந்து அட்டையைக் கழற்றிக் கையில் கொடுத்தார். "நம்ம கோயிலாச்சேன்னு வச்சிருக்கேன். நல்லாத்தான் இருக்கு. ஆனா தம்பி, இது எந்த வருஷம் எடுத்தது?" (படம் என்னுடையது என்றதும் சார் தம்பியாகிவிட்டது.)

"2016 நவம்பர்."

"அதான் கேட்டேன். ரூபா நோட்டு செல்லாமப் போச்சே, அந்த மாசம். கூலிய பழைய நோட்டாக் குடுத்துட்டாங்க, மாத்த நாயா அலைஞ்சேன். அந்த வருஷம் ஐப்பசியும் இல்ல, கார்த்திகையும் இல்ல. ஒரு சொட்டு கிடையாது. படி எல்லாம் தெரியுது பாருங்க, அதெல்லாம் சரி. மேல மேகம் மட்டும் எங்கேருந்து வந்துச்சு? எங்க ஊர்ல மழைக்காலத்து மேகம் இப்படிக் குவிஞ்சு குவிஞ்சு நிக்காது. ஒரே சாம்பலா மூடிக்கும். இது நம்ம ஊரு மேகமே இல்ல."

அவர் சொன்னது சரி. அது 2015 ஜூலையில், வால்பாறைக்குப் போகும் வழியில் ஆழியாறு அணைக்கு மேலே நான் எடுத்த மேகம். தென்மேற்குப் பருவத்தின் மேகம். திருப்புட்குழியில் அன்று வானம் வெறும் வெளுப்பாக இருந்தது. கோபுரத்துக்குப் பின்னால் வெள்ளைத் தாளை விரித்து வைத்த மாதிரி. வீட்டுக்கு வந்து போட்டோஷாப்பில் அந்த வெளுப்பை வெட்டி எடுத்துவிட்டு ஆழியாற்று மேகத்தை உள்ளே வைத்தேன். இரண்டு மின்கம்பிகளையும் அழித்தேன். கடைக்காரருக்குப் படம் மிகவும் பிடித்திருந்தது.

இது திருட்டா, அலங்காரமா என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. எல்லோரும் செய்வதுதான். எவ்வளவு காலமாக எல்லோரும் செய்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

*

திருப்புட்குழியை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம். காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிய சிற்றூர். 108 திவ்விய தேசங்களில் ஒன்று, திருமங்கையாழ்வார் பாடியது. பெருமாள் விஜயராகவன், தாயார் மரகதவல்லி. புள் என்றால் பறவை. சிறகறுந்து கிடந்த ஜடாயுவுக்கு ராமன் ஈமக்கடன் செய்த இடம் இது என்பது ஊர் நம்பிக்கை. வைத்தீசுவரன் கோயிலாகிய புள்ளிருக்குவேளூரும் அதையேதான் சொல்கிறது. ஆந்திரத்தில் லேபாக்ஷிக்கும் கேரளத்தில் சடயமங்கலத்துக்கும் ஆளுக்கொரு கதை உண்டு. ஒரு பறவை விழுவதற்கு இத்தனை இடம். ராமானுஜர் இளமையில் யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்டது இந்த ஊரில்தான் என்று குருபரம்பரை மரபு சொல்லும். குளத்துக்குப் பெயர் ஜடாயு தீர்த்தம்.

படமெடுப்பவர்களுக்குக் காஞ்சிபுரம் என்றால் கைலாசநாதரும் ஏகாம்பரநாதரும் வரதராஜரும்தான். இங்கே வருகிறவர்கள் குறைவு. நான் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

*

திண்ணைப் பேச்சுக்குப் பிறகு பல மாதங்கள் பழைய படங்களின் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தமிழ்நாட்டுக் கோயில்களை முதன்முதலில் முறையாகப் படமெடுத்தவர்களில் முக்கியமானவர் லின்னேயஸ் டிரைப். 1822-இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர். பதினேழு வயதுக்குள் கம்பெனியின் மெட்ராஸ் படையில் சேர்ந்தவர். விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது படக்கலை பழகிக்கொண்டார். 1854 கடைசியில் ஹளேபீடு, பேலூர் கோயில்களை எடுத்தார். 1855-இல் பர்மிய அரசர் மிண்டோனிடம் டல்ஹௌசி அனுப்பிய தூதுக்குழுவுடன் அமரபுரத்துக்குப் போய் இருநூறுக்கும் மேற்பட்ட படங்களுடன் திரும்பினார். அதன் பிறகு மெட்ராஸ் அரசு அவரைத் தன் அதிகாரபூர்வப் படக்காரராக அமர்த்திக்கொண்டது.

1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து கிளம்பினார். வடக்கே சிப்பாய்க் கலகம் இன்னும் அடங்காத நேரம். மாட்டுவண்டிகளில் பெட்டிபெட்டியாகச் சாமான்கள். ராயக்கோட்டை, சேலம் பக்கம், திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றி 1858 கோடைத் தொடக்கத்தில் சென்னைக்கு வந்து சேர்ந்தார். நாலைந்து மாதப் பயணம். அந்த மாதங்களைக் கவனியுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழை முடிந்த பிறகு புறப்பட்டு, அக்கினி நட்சத்திரத்துக்கு முன்னால் முடித்துவிட்டார். இன்று பயணத்துக்கு நாள் குறிக்கும் எவரும் இதையேதான் செய்வார்கள். இதனால் அவருடைய தமிழ்நாட்டில் மழையே இல்லை.

அவர் பயன்படுத்தியது பெரும்பாலும் மெழுகுத்தாள் நெகட்டிவ். பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே 1851-இல் சொல்லிக்கொடுத்த முறை. நல்ல தாளில் மெழுகு ஏற்றி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து உலர்த்தினால் சில நாட்கள் வைத்திருந்து பயன்படுத்தலாம். கண்ணாடித் தட்டைப் போல எடுத்த இடத்திலேயே ஈரத்தோடு கழுவியாக வேண்டிய அவசரம் இல்லை. வண்டியில் உடையாது. ஆனால் படம் விழ நிமிடக்கணக்கில் ஆகும்.

அந்த வெள்ளி உப்புக்குக் கண் ஒரு பக்கம்தான். நீலத்தை மட்டும் நன்றாகப் பார்க்கும், சிவப்பையும் மஞ்சளையும் பார்க்காது. நீல வானம் ஒரு நிமிடத்திலேயே நெகட்டிவில் கரியாகிவிடும், அச்சில் சுத்த வெள்ளை. கோயில் மதிலின் காவிப்பட்டை கறுப்பாக விழும், பக்கத்துச் சுண்ணாம்புப் பட்டை வெள்ளையாகவே இருக்கும். செம்மண் தரை இருண்டு போகும். கல்லில் இருக்கும் நுணுக்கம் பதிய வேண்டுமென்றால் வானத்தைப் பலி கொடுத்துத்தான் ஆக வேண்டும். இந்தக் குறை தீரப் பல காலம் ஆனது. ஜெர்மானியர் ஹெர்மன் ஃபோகல் 1873-இல் சாயம் கலந்து தட்டுக்குப் பச்சையைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். எல்லா நிறத்தையும் ஓரளவு பார்க்கும் தட்டு கடைக்கு வந்தது 1906-இல்.

வெறும் வானத்தை டிரைப்பால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. நெகட்டிவின் பின்பக்கத்தில் தூரிகையால் வண்ணம் தடவினார். தடவிய இடத்தில் ஒளி இன்னும் குறைவாகப் புகும். அச்சில் அந்த இடம் சுற்றியிருப்பதைவிட வெளுத்து மேகமாகத் தெரியும். சில படங்களில் மரத்து இலைகளுக்கும் இப்படிக் கை வைத்திருக்கிறார். பர்மாப் படங்களிலும் இந்தியப் படங்களிலும் இதைப் பார்க்கலாம். 2014-15-இல் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் அருங்காட்சியகங்களில் அவருடைய படங்களுக்குப் பெரிய கண்காட்சி நடந்தபோது இந்த மேகங்களும் பேசப்பட்டன. நன்றாகத்தான் வரைந்திருக்கிறார். பஞ்சுப்பொதி போல, அடிவானத்தில் நீளவாக்கில், அளவாக. இங்கிலாந்து நீர்வண்ண ஓவியங்களில் வரும் மேகம். தை மாதத்துத் தமிழ்நாட்டில் மேகமே இருக்காதா என்றால், இருக்கும். ஆனால் இது அவர் பார்த்த மேகமா, பார்த்துப் பழகிய மேகமா என்று கேட்டால் இரண்டாவது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆழியாற்று மேகத்தை வைத்தபோது நானும் வேறெதையும் செய்துவிடவில்லை.

மெழுகுத்தாள் முறையைச் சொன்ன லெ கிரே இன்னும் ஒரு படி மேலே போனவர். 1856-57 வாக்கில் அவர் எடுத்த கடற்காட்சிகள் பாரிசிலும் லண்டனிலும் பெரிய பரபரப்பு. அவற்றில் சிலவற்றில் கடல் ஒரு நெகட்டிவ், வானம் இன்னொரு நெகட்டிவ். அடிவானத்தில் இரண்டையும் பொருத்தி அச்சிட்டார். பிடித்த வானத்தை வேறு கடலுக்கும் கொடுத்தார். போட்டோஷாப் பிறக்க நூற்றிமுப்பது வருடங்கள் இருந்தன.

*

டிரைப்பின் வானத்தை நம்ப முடியாது என்று தெரிந்த பிறகு அந்தப் படங்களில் வானிலை வேறெங்காவது இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தேன். இருக்கிறது, மரங்களில். நிமிடக்கணக்கில் லென்ஸ் திறந்திருக்கும்போது அடித்த காற்றெல்லாம் தென்னங்கீற்றில் பதிந்துவிடும். கோபுரம் ஊசிமுனைத் துல்லியத்தில் நிற்கும், பக்கத்துத் தென்னையின் தலை மட்டும் கலைந்த புகை மாதிரி இருக்கும். அன்றைக்கு அந்த ஊரில் காற்று அடித்தது. அதை டிரைப் வரையவில்லை, மறைக்கவும் முடியவில்லை. அதே கலங்கலில்தான் மனிதர்களும் காணாமல் போனார்கள். மதுரையின் தெருக்கள் ஆளில்லாமல் கிடப்பதைப் பார்த்து ஏதோ கொள்ளைநோய் வந்த ஊர் என்று நினைத்துவிடக் கூடாது. நடந்தவர்கள் யாரும் பதியவில்லை, அவ்வளவுதான்.

அவருடைய படங்களில் உண்மையாக இருப்பது இன்னொன்று, சிதைவு. திருமலை நாயக்கர் அரண்மனையை 1858-இல் எடுத்த படங்களைப் பாருங்கள். இன்று ஒலி-ஒளிக் காட்சிக்கு நாற்காலி போட்டு உட்காரும் இடமா இது என்று தோன்றும். சுதை உதிர்ந்து செங்கல் தெரியும் தூண்கள், வளைவுகளின் இடுக்கில் முளைத்த செடிகள். இருநூறு வருட மழையும் வெயிலும் அந்தத் தூண்களில் இருக்கின்றன. பிறகு நேப்பியர் பிரபு ஆளுநராக இருந்த காலத்தில், 1866-72, பழுதுபார்க்க முடிவாகி, கட்டடக்கலைஞர் சிஷோல்ம் பொறுப்பில் வேலை நடந்தது. நாம் இன்று பார்க்கிற அரண்மனை பெரிய அளவில் அந்தப் பழுதுபார்ப்பின் அரண்மனை. அதற்கு முந்தைய நிலை என்ன என்று கேட்டால் டிரைப்பின் படங்களைத்தான் எடுக்க வேண்டும்.

தஞ்சைப் பெரிய கோயிலில் அவர் செய்தது இன்னும் விசித்திரம். விமானத்தின் அதிட்டானத்தில் ஓடும் கல்வெட்டுகளை வரிசையாக எடுத்து, 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக ஆக்கினார். அதில் வானமே கிடையாது. எழுத்தும் கல்லும்தான். மேகம் வரைய இடமில்லாத அந்தப் படம்தான் அவர் எடுத்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்தது.

1859-இல் புதிய ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், அரசின் நிதிநிலைமைக்கு இதெல்லாம் கட்டுபடியாகாத ஆடம்பரம் என்று முடிவுகட்டி வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார். அடுத்த வருடத்துக்குள் எல்லாம் மூட்டை கட்டப்பட்டது. டிரைப் அதன் பிறகும் நாற்பது வருடங்களுக்கு மேல் உயிரோடு இருந்தார், 1902 வரை. படக்காரராக அவர் பெயர் சொல்லும்படி அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

*

அவர் கடையைக் கட்டிப் பதினாறு வருடங்கள் கழித்து வந்தது தாது வருஷம். 1876. வடகிழக்குப் பருவம் பொய்த்தது. அடுத்த வருடத் தென்மேற்கும் கைவிட்டது. ஏரிகளை நம்பிப் பிழைக்கும் செங்கல்பட்டு மாவட்டம், அதாவது இன்றைய காஞ்சிபுரமும் திருப்புட்குழியும் அடங்கிய பூமி, தப்பவில்லை. தென்னிந்தியா முழுக்க 1878-க்குள் செத்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

அந்தப் பஞ்சத்தைப் படமெடுத்தவர் வில்லோபி வாலஸ் ஹூப்பர். அவரும் மெட்ராஸ் படையின் அதிகாரிதான். எலும்பும் தோலுமான குடும்பங்களைக் கூட்டமாக உட்கார வைத்து, நிற்க வைத்து எடுத்த படங்கள். பஞ்சம் பற்றிய புத்தகங்களில் எங்காவது பார்த்திருப்பீர்கள். படமெடுத்தாரே, ஒரு கவளம் சோறு போட்டாரா என்று அந்தக் காலத்திலேயே கேட்டார்கள். இன்றும் கேட்கிறோம். கேட்க வேண்டிய கேள்விதான். நான் பார்த்தது வேறு ஒன்றையும். அந்தப் படங்களில் ஆட்களுக்குப் பின்னால் தெரியும் கொஞ்சம் வானமும் வெற்று வெள்ளைதான், யாரும் மேகம் வரையவில்லை. அந்தக் காலத்துத் தட்டுகளில் எல்லா வானமும் அப்படித்தான் விழுந்தது. ஆனால் அந்த இரண்டு வருடங்களில் நிஜ வானமும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். பூசாமல் விட்டதால் உண்மையாகிப்போன வானம்.

இதை எழுதும்போது 2016-ஐத் திரும்ப நினைக்காமல் இருக்க முடியவில்லை. வடகிழக்குப் பருவத்தில் தமிழ்நாட்டுக்குச் சராசரியாகக் கிடைக்க வேண்டியது 440 மில்லிமீட்டர் அளவுக்கு. அந்த வருடம் பெய்தது 168. அறுபத்திரண்டு சதவீதம் குறைவு. டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைப் புரட்டிப்போட்டும் கணக்கு அவ்வளவுதான். 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. 140 வருடங்களில் இவ்வளவு மோசமான பருவம் இல்லை என்று செய்தித்தாள்கள் எழுதின. 140-ஐக் கழித்துப் பாருங்கள், 1876 வரும். தாது வருஷத்துக்குப் பிறகு தமிழ்நாடு கண்ட மிக மோசமான ஐப்பசி கார்த்திகையில், ஒரு கோயில் குளத்தின் முன்னால் நல்ல கேமராவோடு நான் நின்றிருக்கிறேன். வெளுத்த வானத்தைப் பார்த்து சலித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து மேகம் வைத்திருக்கிறேன். அதைக் காலண்டராக வேறு அடித்து, அந்த வருடம் கூலிக்கு அலைந்த மனிதரின் தறிக்கு மேலேயே தொங்கவிட்டாயிற்று.

*

சிதைவைப் படமெடுப்பதிலும் இதே கோளாறு எனக்கு இருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். பாசி படிந்த மதில், மழை அரித்த சிற்பம் என்றால் கேமரா தானாக எழுந்துவிடும். காஞ்சியில் அதற்குக் கைலாசநாதர் கோயிலை விட்டால் வேறு இடமில்லை. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கட்டியது. அடித்தளம் கருங்கல், மேலே எல்லாம் மணற்கல். மணற்கல் தண்ணீரைக் குடிக்கும். குடித்த தண்ணீர் உப்பைக் கொண்டுவரும். வெயிலில் தண்ணீர் போய்விடும், உப்பு கல்லுக்குள்ளேயே இறுகிப் பரலாகிக் கல்லை உள்ளிருந்து தள்ளும். ஆயிரத்து முந்நூறு மழைக்காலம் இப்படி நடந்தால் யாளிக்கு முகம் இருக்காது. அதனால்தான் அந்தந்தக் காலத்துக்காரர்கள் மேலே சுதை பூசிக்கொண்டே வந்திருக்கிறார்கள். நாம் பல்லவச் சிற்பம் என்று வியந்து எடுக்கும் படங்களில் எவ்வளவு பல்லவர், எவ்வளவு பிற்காலச் சுதை என்று பிரிப்பது சாதாரணக் கண்ணுக்கு ஆகாத காரியம். அலெக்சாண்டர் ரீ அளந்து வரைந்து படமெடுத்து 1909-இல் பல்லவக் கட்டடக்கலை பற்றிப் புத்தகம் போட்டார். அதன் தட்டுகளை இன்றைய கோயிலோடு ஒப்பிட்டால் சில இடங்களில் தேய்வு தெரியும், சில இடங்களில் பூச்சு தெரியும். 1931-இல் புதுச்சேரி ழூவோ-துப்ரேய் சுற்றாலைச் சிற்றாலயங்களில் ஓவியத் துணுக்குகளைக் கண்டார். மேலே இருந்த பூச்சுதான் அவற்றை அதுவரை மழையிலிருந்து காப்பாற்றியிருந்தது. பூச்சைத் திட்டுவதற்கு முன்னால் இதையும் நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பெரியவரிடம் அன்றைக்கு நான் இதை ஒரு மாதிரி உளறினேன். பழைய மண்டபங்களுக்கு வண்ணம் அடித்துக் கெடுத்துவிடுகிறார்கள், மணலை வீசிக் கல்லின் தோலையே உரித்துவிடுகிறார்கள், பழமை போய்விடுகிறது என்றெல்லாம். மணல் வீச்சைப் பற்றி நான் சொன்னதில் எனக்கு இன்றும் மாற்றமில்லை. உளி பட்ட மேல்தோல் போனால் கல் இன்னும் வேகமாக அரிக்கும், கல்வெட்டு மழுங்கும். ஆனால் அவர் அதற்குள் போகவில்லை.

"உங்களுக்குப் பழசா இருந்தா அழகு. எங்களுக்கு ஒழுகுது" என்றார். கையை நீட்டித் தன் வீட்டு ஓட்டைக் காட்டினார். அங்கே ஒரு மூலையில் சொட்டிக்கொண்டிருந்தது, கீழே ஒரு வாளி.

ஒழுகுகிற கூரையைப் படமாக எடுத்தால் அழகாகத்தான் இருந்திருக்கும். வாளியில் விழும் சொட்டு, பின்னால் மங்கலாகத் தறி. கேமராவைத் தொடவில்லை. தொடவில்லை என்பதைப் பெருமையாகச் சொல்லவில்லை, ஹூப்பரை நினைத்துக்கொண்டிருந்தேன் என்றும் சொல்ல மாட்டேன். ஹூப்பரைப் பற்றிப் படித்ததே பிறகுதான். வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் 1950களின் பிற்பகுதியிலிருந்து எடுத்துச் சேர்த்த கோயில் படங்கள் லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. கறுப்பு வெள்ளை. தூணுக்குத் தூண், சிலைக்குச் சிலை. அழகுக்காக எடுத்தவை அல்ல. பலவற்றில் ஒளி தட்டை, சட்டகம் சாதாரணம். ஒரு காலத்தில் எனக்கு அவை அலுப்பாக இருந்தன. சிலை திருட்டு வழக்குகளில் களவு போன சிலை எந்தக் கோயிலுடையது என்று நிரூபிக்க அவை பயன்பட்டபோதுதான் அந்த அலுப்பான படங்களின் மதிப்பு பலருக்கும் உறைத்தது. எனக்கும்தான்.

*

மழை விட்ட பிறகு அன்று குளத்துக்குப் போனேன். படிகள் ஏறக்குறைய மறைந்து, தண்ணீர் மேல்வரைக்கும் நின்றது. வானம் பெரியவர் சொன்ன அதே சாம்பல். எங்கு பார்த்தாலும் ஒரே நிறம், ஒரு மேகத்தையும் தனியாகக் காட்ட முடியாது. எடுத்தேன். தட்டையான படம். எந்தப் பட்டுக்கடையும் கேட்காது.

சென்னைக்கு வந்து பழைய வன்தட்டுகளைத் துழாவினேன். 2016-இன் அசல் கோப்பு இருந்தது, நல்ல வேளையாக. மின்கம்பிகள் இரண்டும் அதே இடத்தில். கோபுரத்துக்கு மேலே வெள்ளை. குளத்தின் படிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கி, அடியில் பச்சையாகக் கொஞ்சம் தண்ணீர். எதையும் தொடாமல் ஒரு பிரதி எடுத்தேன். 2021 படத்திலும் ஒன்று. இரண்டையும் எடுத்துக்கொண்டு தை மாதம் திருப்புட்குழிக்குப் போனேன்.

தறி ஓடிக்கொண்டிருந்தது. குழி காய்ந்துவிட்டிருந்தது. அந்தச் சேலை இறங்கி, அடுத்த சேலை பாதி வந்திருந்தது. நாடாவை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார்.

காலண்டர் அட்டையைக் கழற்றிவிட்டு இவற்றை மாட்டச் சொல்லித்தான் கொண்டுபோனேன். அவர் கழற்றவில்லை. அட்டையின் ஓரத்தைக் காட்டினார். பென்சிலால் பொடிப்பொடியாகத் தேதிகள், தொகைகள். பாவு பிணைத்த தேதி, சேலை இறங்கிய தேதி, கடையிலிருந்து வாங்கிய முன்பணம். ஒரு பாவுக்கு மூன்று சேலை வீதம் நான்கு வருடக் கணக்கு ஆழியாற்று மேகத்தைச் சுற்றிலும் இருந்தது. "இத எப்படிக் கழட்டறது? இது இருக்கட்டும். அதுங்களப் பக்கத்துல ஒட்டிக்கலாம்."

மருமகள் கோந்து கொண்டுவந்தது. ஒட்டுவதற்கு முன்னால் பெரியவர் 2016 படத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். விரலால் படிகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

"பதினொண்ணு" என்றார். "அந்த வருஷம் பதினோரு படி வெளிய தெரிஞ்சிருக்கு."

நான் எண்ணியபோது பத்துதான் வந்தது. அவர் மறுபடி எண்ணினார். தண்ணீரை ஒட்டி, நிழலில் ஒன்று பாதி தெரிகிறதே, அதையும் சேர்க்க வேண்டுமாம்.